சிரிப்பு டெபாசிஷனில் ஏறாது

பத்மநாபபுரம் கோர்ட்டுகளில் தொழில் பழகும் இளம் வக்கீல்களுக்குத் தக்கலையிலிருந்து ஒரு திறந்த மடல்

அன்புள்ள மக்களே,

குறுக்கு விசாரணையில் சாட்சியை மடக்கிப் பேசிவிட்டு, பின்பெஞ்சில் சிரிப்பு எழுந்ததும் திரும்பிப் பார்க்கிற பழக்கம் உங்களில் சிலருக்கு வந்திருக்கிறது. கோர்ட்டில் நகைச்சுவைக்கு இடம் உண்டு என்று நம்புகிறவன் நான். நல்ல வக்கீலின் வாயில் அது சாட்சியத்துக்குச் சமமான வலுவோடு நிற்கும். ஆனால் எந்தச் சிரிப்பு கட்சிக்காரரைக் காப்பாற்றும், எது அவரைக் கவிழ்க்கும் என்று உங்களுக்கு யாரும் சொல்லித் தருவதாகத் தெரியவில்லை. லா காலேஜில் அதற்குப் பாடம் கிடையாது. சீனியர்களுக்கு வாய்தா வாங்கவே நேரம் சரியாக இருக்கிறது. மிஞ்சியிருப்பது சினிமா. 1952இல் வந்த ‘பராசக்தி’யின் கோர்ட்டுக் காட்சியிலிருந்து இன்றைக்குச் செல்போனில் ஓடுகிற துண்டுப் படங்கள் வரை பார்த்து, அதுதான் வாதம் என்று நினைத்துக்கொண்டு வருகிறீர்கள். சினிமாக் கோர்ட்டில் டைப்பிஸ்ட் கிடையாது. நம் கோர்ட்டில் உண்டு. இந்த மடல் முழுக்க அந்த டைப்பிஸ்டைப் பற்றியதுதான்.

ஒரு சாட்சி கூண்டில் ஏறினால் என்ன நடக்கிறது? சிவில் வழக்கில் முதல் விசாரணை ப்ரூஃப் அஃபிடவிட்டாக முன்பே தாக்கலாகியிருக்கும். குறுக்கு விசாரணைதான் வாயால் நடக்கிறது. நீங்கள் கேட்கிறீர்கள், சாட்சி பதில் சொல்கிறார், ஜட்ஜ் அதைச் சாட்சியே சொல்வதுபோல ஒரு வாக்கியமாக்கிச் சொல்கிறார், டைப்பிஸ்ட் அடிக்கிறார். அதுதான் டெபாசிஷன். ‘வழக்குச் சொத்தில் எனக்கு அனுபவம் இல்லை என்று சொன்னால் சரியல்ல.’ இப்படித்தான் ஏறும். உங்கள் குரலில் இருந்த எகத்தாளம் ஏறாது. பின்பெஞ்சுச் சிரிப்பும் ஏறாது. வாதம் முடிந்து, தீர்ப்புக்கு நாள் குறித்து, ஜட்ஜ் கட்டைப் பிரித்து உட்காரும்போது அவர் முன்னால் இருப்பது அந்தக் காகிதம். அதற்குள் சாட்சி விசாரித்த ஜட்ஜ் மாறுதலாகிப் போய் வேறொருவர் வந்திருக்கவும் கூடும். அப்பீல் போனால், மதுரைக் கிளையில் கட்டைப் படிக்கிறவர்கள் உங்கள் சாட்சியின் முகத்தையே பார்க்கப் போவதில்லை.

ஆகவே ஒரு கேள்வியை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்: சிரிப்பு அடங்கின பிறகு காகிதத்தில் மிஞ்சியது என்ன?

நான் பார்த்த இரண்டு சம்பவங்களைச் சொல்கிறேன். ஊரும் பேரும் வேண்டாம். ஒன்று ஜீவனாம்ச வழக்கு. மனைவி கூண்டில் நிற்கிறார். “நல்ல பட்டுச்சேலை கட்டியிருக்கிறீர்களே, சோற்றுக்கு வழியில்லை என்று மனுப் போட்டவர் நீங்கள்தானா?” என்று புருஷன் தரப்பு வக்கீல் கேட்டார். பின்னால் பலமாகச் சிரித்தார்கள். அந்தப் பெண் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டு, “இது எங்க அக்கா சேலை” என்றார். டெபாசிஷனில் ஏறியது: ‘நான் இன்று உடுத்தியிருப்பது என் சகோதரியின் சேலை.’ கோர்ட்டுக்கு உடுத்திவர ஒரு நல்ல சேலை இல்லாதவர் மனுதாரர் என்பதை எதிர்த்தரப்பு வக்கீலே பதிவாக்கிக் கொடுத்துவிட்டார். சிரித்தவர்கள் மதியச் சாப்பாட்டுக்குப் போனார்கள். காகிதம் கட்டுக்குள் போயிற்று.

இன்னொன்று வழிப்பாதை வழக்கு. கல்குளம், விளவங்கோடு தாலுகாக்களில் இந்த வழக்குக்குப் பஞ்சமே கிடையாது. முன் விளை பிரதிவாதிக்கு, பின் விளையும் வீடும் வாதிக்கு. இடையில் போகிற பாதை வெறும் ஒற்றையடிப் பாதை, வண்டி ஒரு நாளும் வந்ததில்லை என்பது பிரதிவாதியின் வாதம். வாதியின் வக்கீல் வயதானவர், சத்தம் போட்டுப் பேசாதவர். சாட்சியாக நின்ற பிரதிவாதியிடம் ஒரு கல்யாண ஆல்பத்தை நீட்டினார்.

“இதில நிக்கது யாரு?”

“நான்தான்.”

“எங்க நிக்கிறீங்க?”

“வாதி வீட்டு முற்றத்தில. அவரு மவளுக்குக் கல்யாணம் அன்னைக்கு.”

“பக்கத்தில?”

“மாப்பிள்ளைக் காரு.”

“காரு எந்த வழியாட்டு வந்தது?”

பதில் இல்லை. பெரியவர் கொஞ்சம் பொறுத்துப் பார்த்தார். “பின்னே, மாப்பிள்ளை அதைத் தலையில வச்சா சுமந்துட்டு வந்தாரு?”

கோர்ட்டே சிரித்தது. கூண்டில் நின்ற பிரதிவாதிக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. சிரித்துக்கொண்டே, “இல்ல, இந்தப் பாதை வழியாட்டுத்தான் வந்தது” என்றார். டைப்பிஸ்ட் அடித்தது: ‘வாதியின் மகள் திருமணத்தன்று மாப்பிள்ளையின் கார் வழக்குப் பாதை வழியாக வந்தது.’ வழக்கு அந்த ஒரு வாக்கியத்தில் முடிந்துபோயிற்று. பிரதிவாதிக்கு அவமானமும் இல்லை. அதற்குப் பிறகு இரண்டு தரப்பும் உட்கார்ந்து பேச முடிந்ததற்கு அதுவே காரணம் என்று நான் நினைக்கிறேன்.

அந்தப் பெரியவர் லத்தீன் படித்தவர் இல்லை. ஆனால் அவர் செய்ததைத்தான் ரோமாபுரியில் கிறிஸ்து பிறப்பதற்கு முன்பே ஒரு கலையாக எழுதி வைத்தார்கள். சிசரோவை உங்களுக்குப் பேர் அளவில் தெரிந்திருக்கும். அர்ப்பினம் என்ற சின்ன ஊரில் கி.மு. 106இல் பிறந்து, முன்னோர் யாரும் பெரிய பதவி வகிக்காத குடும்பத்திலிருந்து தலைநகருக்கு வந்து வாயால் உயர்ந்தவர். கி.மு. 55இல் பேச்சுக்கலையைப் பற்றி உரையாடல் வடிவில் ஒரு நூல் எழுதினார். அதன் இரண்டாம் பகுதியில் கோர்ட்டில் சிரிக்க வைப்பது எப்படி, எங்கே நிறுத்துவது என்று நீளமாக விவாதிக்கிறார்கள். ஆங்கில மொழிபெயர்ப்பு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. தொழிலுக்கு வந்த முதல் வருஷத்திலேயே படித்துவிடுங்கள்.

ரோமாபுரிக் கோர்ட்டும் நம் கோர்ட்டும் ஒரு விஷயத்தில் எதிரெதிர். அங்கே பெரிய கிரிமினல் வழக்குகள் ஊர்ச்சதுக்கத்தில், வெட்டவெளியில், கூட்டத்துக்கு நடுவே நடந்தன. தீர்ப்புச் சொல்கிறவர்கள் பத்துக் கணக்கான ஜூரிகள். கி.மு. 52இல் மைலோ என்பவர் மீதான கொலை வழக்கில் வாக்களித்தவர்கள் 51 பேர். அந்த வருஷம் பாம்பி என்ற ரோமானியத் தலைவர் கொண்டுவந்த சட்டம் குற்றம் சாட்டும் தரப்புக்கு 2 மணி நேரம், எதிர்த்தரப்புக்கு 3 மணி நேரம் என்று பேச்சுக்கு வரம்பு கட்டியது. பேச்சு முடிந்த கையோடு மெழுகு பூசின பலகையில் எழுத்தைக் கீறிப் பெட்டியில் போட்டுவிடுவார்கள். காது சூடு ஆறுமுன்னே தீர்ப்பு. அப்படிப்பட்ட இடத்தில் சிரிப்புக்கு அங்கேயே விலை கிடைக்கும்.

ஜூரி நம் நாட்டிலும் இருந்தது. நம் ஒழுகினசேரியில் பிறந்த கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனை லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் 1945இல் குற்றவாளி என்று சொன்னது ஜூரிதான். தமிழ்நாட்டையே சிரிக்க வைத்த மனிதரும் எம்.கே. தியாகராஜ பாகவதரும் ஆயுள் தண்டனைக் கைதிகளாக உள்ளே போனார்கள். லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், வழக்கு மறுபடி சென்னை ஹைகோர்ட்டுக்கே திரும்பி, இரண்டு ஜட்ஜுகள் சாட்சியக் காகிதங்களை நிதானமாக எடைபோட்டுப் பார்த்த பிறகு 1947 ஏப்ரலில் விடுதலையானார்கள். ஜூரி ஒரு நாளில் பூட்டியதைக் காகிதம் இரண்டு வருஷம் கழித்துத் திறந்தது. 1973ஆம் வருஷத்துக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஜூரிக்கு இடமே இல்லாமல் போயிற்று. இனி உங்கள் சாமர்த்தியம் எல்லாம் காகிதத்தில்தான்.

அதனால் ரோமாபுரியிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது ஆவணத்திலிருந்து பிறந்த நகைச்சுவையை. அதற்கு சிசரோவே சொல்லும் ஒரு நிகழ்ச்சி என் மனசை விட்டுப் போகாதது.

சிசரோவுக்கு முந்திய தலைமுறையில் கிராசஸ் என்று ஒரு பெரிய வக்கீல். ஒரு வழக்கில் புரூட்டஸ் என்பவர் குற்றம் சாட்டும் தரப்பில் அவருக்கு எதிரே நின்று பேசினார். (சீசரைக் குத்தின புரூட்டஸ் வேறு.) புரூட்டஸ் ஒரு தந்திரம் செய்தார். கிராசஸ் முன்னொரு காலத்தில் பேசின இரண்டு பேச்சுகளை எடுத்து, இரண்டு ஆட்களை நிறுத்தி மாறி மாறி வாசிக்க வைத்தார். ஒன்றில் செனட்டைத் தாழ்த்திப் பேசியிருக்கிறார், மற்றதில் அதே செனட்டைத் தூக்கி வைத்துப் பேசியிருக்கிறார். பேச்சு மாற்றுகிறவர் என்று காட்டியாயிற்று. கிராசஸ் என்ன செய்தார்? மூன்று ஆட்களை அழைத்தார். புரூட்டஸின் தகப்பனார் பெரிய சட்ட அறிஞர். மகனோடு உரையாடுவதுபோலச் சட்ட நூல்கள் எழுதியவர். ஒவ்வொரு நூலின் தொடக்கத்திலும் அந்த உரையாடல் எங்கே நடந்தது என்று இருக்கும். முதல் ஆள் வாசித்தார்: பிரிவர்னத்துத் தோட்டத்தில் இருந்தோம். இரண்டாவது ஆள்: ஆல்பாவில் உள்ள தோட்டத்தில். மூன்றாவது ஆள்: தீபூரில் உள்ள தோட்டத்தில். வாசித்து முடிந்ததும் கிராசஸ் கேட்டார், அந்தத் தோட்டங்கள் எல்லாம் இப்போது எங்கே என்று. மகன் மூன்றையும் விற்றுத் தின்றுவிட்டது ஊருக்கே தெரியும். இந்தப் பிள்ளையைத் தகப்பனார் நன்றாக அறிந்திருந்ததால்தான், இன்னின்ன சொத்தை விட்டுப் போகிறேன் என்று புத்தகத்திலேயே பதிந்து வைத்தார் போலும் என்றும் சேர்த்துக்கொண்டார்.

தோட்டம், தகப்பன் எழுதிவைத்த எழுத்து, விற்றுத் தீர்த்த மகன். நம் சப் கோர்ட்டில் தினசரி வருகிற கதை. கிராசஸ் அதில் ஒரு வசைச்சொல்கூடப் பயன்படுத்தவில்லை. எதிராளியின் வீட்டு ஆவணத்தை எதிராளியின் ஆயுதத்தோடு சேர்த்து அவருக்கே திருப்பிக் கொடுத்தார். முடிவை அவர் சொல்லவே இல்லை, கேட்டவர்கள் தாங்களே எட்டினார்கள். தானாக எட்டின முடிவை மனிதர்கள் லேசில் விடமாட்டார்கள். ஜட்ஜும் மனிதர்தான்.

இதற்கு இணையான ஒன்றைத் தமிழில் நீங்கள் தேடிப் போக வேண்டியதில்லை. பெரியபுராணத்தில் தடுத்தாட்கொண்ட புராணம் இருக்கிறது. பக்தி நூல் என்று ஒதுக்காமல், எந்த மதத்தைச் சேர்ந்தவராக இருந்தாலும் வக்கீல் கண்ணோடு ஒருமுறை படியுங்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டுச் சேக்கிழார் ஒரு சிவில் வழக்கைத் தொடக்கம் முதல் தீர்ப்பு வரை எழுதியிருக்கிறார்.

புத்தூரில் சுந்தரருக்குக் கல்யாணம். ஒரு கிழவர் வந்து, இவன் எனக்கு அடிமை, இவன் பாட்டன் எழுதிக்கொடுத்த ஓலை இருக்கிறது என்கிறார். சுந்தரர் சிரிக்கிறார். அந்தணர் அந்தணருக்கு அடிமையாவது உண்டா, உமக்குப் பித்தா என்கிறார். அதோடு விட்டிருந்தால் சரி. கோபத்தில் ஓலையைப் பிடுங்கிக் கிழித்துவிடுகிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவைக்குப் போகிறது. அவையோர் கேட்கிற கேள்வியில் முறை இருக்கிறது: வழக்கம், ஆவணம், அயலார் சாட்சி, இந்த மூன்றில் எதைக் கொண்டு நிரூபிக்கப் போகிறீர்? அப்போது கிழவர் சொல்கிறார், இவன் கிழித்தது நகல், மூல ஓலை என் கையில் பத்திரமாக இருக்கிறது, இதையும் கிழிக்காமல் காப்பீர்கள் என்றால் காட்டுகிறேன் என்று. இவர் வழக்காடிப் பழகின கிழவராக இருக்கிறாரே என்று சுந்தரருக்குப் புத்தூரிலேயே தோன்றியிருந்தது. அவையின் கணக்கர் மூல ஓலையை வாங்கி வாசிக்கிறார். சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்கள் தங்கள் எழுத்து என்று ஒப்புக்கொள்கிறார்கள். பாட்டனாரின் கையெழுத்தைக் காப்பில் இருந்த அவருடைய வேறொரு ஓலையோடு வைத்து ஒத்துப் பார்க்கிறார்கள். தீர்ப்பு கிழவர் பக்கம்.

நகல், அசல், சாட்சிக் கையெழுத்து, கையெழுத்து ஒப்பீடு, எல்லாம் வந்துவிட்டது. ஆனால் நான் உங்களைக் கவனிக்கச் சொல்வது சிரிப்பு யாரிடம் தொடங்கி யாரிடம் முடிகிறது என்பதை. முதலில் சிரித்தவர் சுந்தரர், ஆவணத்தைப் படிக்காமல், ஆளின் கோலத்தைப் பார்த்து. கிழவர் அந்தச் சிரிப்பைத் தாங்கிக்கொண்டார். எதிராளி நகலைக் கிழிப்பார் என்று எதிர்பார்த்தே அசலை உள்ளே வைத்திருந்தார்.  அந்தப் பொறுமை உங்களுக்கு வர வேண்டும். உங்களிடம் ஒரு நல்ல ஆவணம் இருந்தால் முதல் நாளே அதை வைத்து வீம்பு பேசாதீர்கள். சட்டம் கேட்கும் நேரத்தில் தாக்கல் செய்துவிட்டு, சாட்சி அதற்கு மாறாக வாய் திறக்கும் வரை காத்திருங்கள்.

கிராசஸின் இன்னொரு வழக்கு உயில் வழக்கு. இதைச் சட்டக் கேள்விக்காகவே படிக்கலாம். ஒருவர் தமக்குப் பிள்ளை பிறக்கும் என்ற நம்பிக்கையில் உயில் எழுதினார். பிறக்கிற பிள்ளை பிராயம் வருமுன் இறந்துபோனால் கூரியஸ் என்பவர் வாரிசு என்று அதில் சொல்லியிருந்தார். பிள்ளையே பிறக்கவில்லை. கூரியஸ் வாரிசா, இல்லை உயில் செல்லாமல் போய்ச் சொத்து உறவினருக்குப் போகுமா? உறவினருக்காக ஆஜரானவர் அந்தக் காலத்தின் மிகப் பெரிய சட்ட மேதை ஸ்கைவோலா. எழுத்துப்படி, பிள்ளை பிறந்து இறந்தால்தான் கூரியஸுக்கு உரிமை என்றார். எழுத்து அவர் பக்கம்தான். கிராசஸ் ஒரு சின்னக் கதையோடு தொடங்கினார். கடற்கரையில் நடந்துபோன ஒரு பையன் துடுப்பு மாட்டுகிற முளை ஒன்றைக் கண்டெடுத்தான், உடனே அதற்கேற்ற கப்பல் ஒன்று கட்டிவிட வேண்டும் என்று ஆசைப்பட்டான். உயிலில் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு ஸ்கைவோலா அவ்வளவு பெரிய வாதத்தைக் கட்டுகிறார் என்பது பொருள். அப்புறம், இப்படித்தான் உயிலை வாசிக்க வேண்டுமென்றால் ஊரில் எல்லாரும் பலகையைத் தூக்கிக்கொண்டு உங்களிடமே உயில் எழுத வருவோம், நீங்கள் உங்கள் சொந்த வேலையை எப்போது பார்ப்பீர்கள் என்றும் கேட்டார். சிரிப்பு அடங்கின பிறகு அவர் நிறுத்திவைத்தது சட்டக் கொள்கை ஒன்றை: எழுதினவரின் எண்ணம் தெளிவாக இருக்கும்போது எழுத்து அதைத் தோற்கடிக்கக் கூடாது. கூரியஸ் ஜெயித்தார். உயிலை எப்படி வாசிப்பது என்று நம் சப் கோர்ட்டில் நீங்கள் வாதாடும்போது, நீங்கள் நிற்பது கிராசஸ் பக்கமா ஸ்கைவோலா பக்கமா என்று முதலில் தீர்மானித்துக்கொள்ளுங்கள். இருவரும் கி.மு. 95இல் சேர்ந்தே கான்சல் பதவி வகித்தவர்கள். எதிராளியை மேதை என்று ஒப்புக்கொண்டு, அந்த மேதைமையே இந்த வழக்கில் ஆபத்து என்று காட்டுவது எளிதான காரியமில்லை.

சிசரோவுக்கு வருவோம். அவரை நான் அளவுக்கு மீறி மதிக்கிறேன், அதனால் குறையையும் சொல்ல வேண்டும். கி.மு. 70இல் சிசிலியை மூன்று வருஷம் கொள்ளையடித்த ஆளுநர் வெர்ரெஸ் மீது வழக்கு நடத்தினார். சாட்சியம் சேர்க்க 110 நாள் அவகாசம் வாங்கி, 50 நாளில் தீவைச் சுற்றி வந்து ஆவணங்களோடு திரும்பினார். எதிர்த்தரப்பு வக்கீல் ஹார்ட்டென்சியஸ் ஏதோ ஒரு கட்டத்தில், எனக்கு விடுகதை புரியாது என்றார். உங்கள் வீட்டில்தான் ஸ்பிங்க்ஸ் இருக்கிறதே என்றார் சிசரோ. விடுகதை போடும் ஸ்பிங்க்ஸின் சிலை ஒன்றை வெர்ரெஸ் அந்த வக்கீலுக்குப் பரிசாகக் கொடுத்திருந்தார். ஒரே வாக்கியம், உள்ளே ஒரு குற்றச்சாட்டு. அந்த 50 நாள் அலைச்சல் இல்லாதவர் வாயில் இப்படி ஒரு பதில் வராது. வெர்ரெஸ் தீர்ப்புக்குக் காத்திராமல் ஊரைவிட்டே போய்விட்டார்.

அதே சிசரோ கி.மு. 56 ஏப்ரலில் கேலியஸ் என்ற இளைஞருக்காகப் பேசினார். ஊரெல்லாம் விடுமுறை, நாடகம், விளையாட்டு, அந்த ஒரு கோர்ட்டு மட்டும் நடக்கிறது. குற்றச்சாட்டுகளில் ஒன்று, குளோடியா என்ற பெண்ணுக்கு விஷம் வைக்க முயன்றது. சிசரோ வழக்கைக் குளோடியாவின் நடத்தை மேல் திருப்பினார். சாலையும் கால்வாயும் வெட்டின அவளுடைய மூதாதை அப்பியஸ் கிளாடியஸை எழுப்பிக்கொண்டுவந்து, அந்தக் குரலிலேயே அவளைத் திட்டினார். நம் வில்லுப்பாட்டில் கதை உச்சத்துக்கு வரும்போது சாமியாடியின் மேல் தெய்வம் இறங்கிப் பேசுமே, அப்படி ஒரு குரல் மாற்றம். பிறகு அவளுடைய தம்பியைக் குறிப்பிடும்போது வாய்தவறினவர்போலப் புருஷன் என்று சொல்லித் திருத்திக்கொண்டார். ஜூரி சிரித்திருக்கும். கேலியஸ் விடுதலையானார்.

பேச்சு என்ற அளவில் அதற்கு ஈடு இல்லை. ஆனால் அந்தப் பெண் பதிலுக்கு என்ன சொன்னார் என்பது எங்கும் இல்லை. இரண்டாயிரம் வருஷமாக உலகம் அவரைப் பெரும்பாலும் சிசரோவின் வாயால்தான் அறிந்திருக்கிறது. குளோடியாவின் சகோதரன்தான் சிசரோவை நாடு கடத்தி வீட்டை இடித்தவர் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அந்தச் சிரிப்பில் எவ்வளவு சொந்தப் பகை கலந்திருந்தது என்று விளங்கும். அடுத்த வருஷம் எழுதின நூலில், துன்பத்தில் இருப்பவரைக் கேலி செய்யாதே, கோமாளியின் வேலையை வக்கீல் செய்யக்கூடாது என்று எல்லை வகுத்தவரும் அவரே. நூறு வருஷத்துக்கு மேல் கழித்து வந்த குவின்டிலியன் என்ற ஆசிரியர், சிசரோவின் நகைச்சுவைகளை மூன்று புத்தகமாகத் தொகுத்தவர் இன்னும் கொஞ்சம் பொறுக்கி எடுத்திருக்கலாம் என்று வருத்தப்பட்டிருக்கிறார்.

கேலியஸ் வழக்கின் வழியை நீங்கள் பின்பற்றாதீர்கள். சட்டமும் அதைத் தடுக்கிறது. பழைய சாட்சியச் சட்டத்தின் 151, 152ஆம் பிரிவுகள் அவதூறான, இழிவுபடுத்தும் கேள்விகளைக் கோர்ட்டு தடுக்க வழி செய்தன. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய சட்டத்திலும் அவை தொடர்கின்றன. தடுக்க ஜட்ஜுக்கு அதிகாரம் இருப்பது ஒருபுறம். கேட்காமல் இருப்பது உங்கள் கையில். கூண்டில் நிற்கிறவருக்குத் திருப்பிக் கேட்க உரிமை கிடையாது. திருப்பி அடிக்க முடியாதவர் மேல் வீசுகிற கேலியில் திறமைக்கு வேலை என்ன இருக்கிறது?

ஒரு பெண் கோர்ட்டில் பேசியதை முழுசாகப் பதிவு செய்து வைத்த இலக்கியம் நம்முடையது. சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையைச் சின்ன வயசிலிருந்தே கேட்டுக் கேட்டு நமக்கு அதன் அருமை மங்கிவிட்டது. கண்ணகி யார் என்று அரசன் கேட்டதும், நீதிக்காகத் தன் சதையையும் தன் மகனையும் கொடுத்த அரசர்களின் ஊர்க்காரி என்று தொடங்குகிறாள். அந்த ஒரு அடியிலேயே அரசன் எந்த அளவுகோலால் அளக்கப்படப் போகிறான் என்பது அவைக்குத் தெரிந்துவிடுகிறது. கள்வனைக் கொல்வது கொடுங்கோன்மை இல்லை என்று அவன் பொது நியாயம் பேசுகிறான். அவள் பொது நியாயத்துக்குள் போகவே இல்லை. என் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள். அவ்வளவுதான். தங்கள் சிலம்பில் இருப்பது முத்து என்று அரசன் வாயாலேயே வருகிறது. பிறகு உடைத்துக் காட்டுவது மட்டும்தான் பாக்கி. குறுக்கு விசாரணையில் ஒரே ஒரு உண்மையை வைத்துக்கொண்டு எதிராளியின் வாயிலிருந்து மறு பாதியை வரவழைப்பதற்கு இதைவிடச் சிறந்த பாடம் எனக்குத் தெரியாது.

மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1976ஆம் வருஷத் திருத்தச் சட்டம் கீழ்க் கோர்ட்டுகளில் சாட்சியத்தையும் தீர்ப்பையும் தமிழில் பதிய வழி செய்தது. அப்படி இருந்தும் உங்களில் பலர் ஆங்கிலத்தில் யோசித்து, தமிழில் கேட்டு, சாட்சி தமிழில் சொன்னதை மறுபடி ஆங்கிலத்தில் குறித்துக்கொள்கிறீர்கள். இந்த மூன்று திருப்பத்தில் நகைச்சுவை செத்துப்போகும். ‘எந்த வழியாட்டு வந்தது’ என்று அந்தப் பெரியவர் சாட்சியின் பேச்சிலேயே கேட்டதால்தான் சாட்சி உண்மையைச் சொன்னார். இந்த மாவட்டத்தின் பேச்சுக்கு ஒரு குத்தலும் ஒரு வாஞ்சையும் சேர்ந்தே உண்டு. உங்கள் வீட்டுத் திண்ணையில் கிடைத்ததைக் கோர்ட்டு வாசலில் கழற்றி வைத்துவிட்டு வராதீர்கள்.

கூடவே மலையாள எழுத்து வாசிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். 1956 நவம்பர் 1 வரை நாம் திருவிதாங்கூர்–கொச்சிக்காரர்கள். அந்தக் காலத்து மூலப் பிரமாணம் பெரும்பாலும் மலையாளத்தில், கொல்லம் ஆண்டுக் கணக்கில்தான் இருக்கும். 824ஐயோ 825ஐயோ கூட்டினால் ஆங்கில வருஷம் கிடைக்கும். குமாஸ்தா எழுதித் தருகிற மொழிபெயர்ப்பை மட்டும் நம்பிப் போகிறவர்கள் நகலை வைத்துக்கொண்டு சிரிக்கிறவர்கள். எல்லையில் நின்ற பலா, கிணற்றின் திசை, ‘நடைவழி நீக்கி’ என்று ஓரத்தில் எழுதியிருக்கும் ஒரு வரி, இவைதான் உங்கள் பரல்.

நம் பாருக்கு ஒரு மரபு உண்டு. பள்ளியாடியில் பிறந்த மார்ஷல் நேசமணி நாகர்கோவிலில் வக்கீலாகச் சேர்ந்த காலத்தில், சாதி பார்த்துச் சிலருக்கு நாற்காலியும் சிலருக்கு முக்காலியும் போட்டிருந்தார்களாம். அவர் முக்காலியை உதைத்துத் தள்ளிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார் என்று எங்களுக்கு மூத்தவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறோம். ஒரு வார்த்தை பேசாமல் செய்த வாதம் அது. யாரைச் சிறுமைப்படுத்த ஒரு இருக்கை போடப்பட்டதோ அவர் பக்கம் நின்ற வாதம்.

மாதத்தில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் நம் வக்கீல் சங்க நூலகத்தில் கூடலாம் என்று நினைக்கிறேன். ஆளுக்கொரு டெபாசிஷன் நகல் கொண்டுவாருங்கள், நீங்களே குறுக்கு விசாரணை செய்ததாக இருக்கட்டும். கட்சிக்காரர், சாட்சி பெயர்களை மை வைத்து அடித்துவிடுங்கள். ஒவ்வொரு கேள்வியாக வாசித்து, அது காகிதத்தில் எதை விட்டுப்போயிற்று என்று பார்ப்போம். பெண் ஜூனியர்கள் தவறாமல் வர வேண்டும். உங்களுக்குக் கேட்டதும் எங்களுக்குக் கேட்காமல் போனதும் நிறைய இருக்கும். முதல் கூட்டத்துக்குக் கிராசஸின் உயில் வழக்கைத் தமிழில் எழுதிக் கொண்டுவருகிறேன். அதை நம் வாரிசுரிமைச் சட்டப்படி இன்று வாதாடினால் ஸ்கைவோலா தரப்புக்கு என்ன சொல்வீர்கள் என்று யோசித்துக்கொண்டு வாருங்கள். இரண்டு தரப்புக்கும் ஆள் வேண்டும்.

அன்புடன்,
உங்கள் சீனியர்களில் ஒருவன்
தக்கலை